வெட்டும் முன் ஒரு மாதிரி

நுழையும்முன்

துணியில் விழுந்த தவறான வெட்டை வேறொரு துணியைக் கொண்டு ஈடுசெய்யலாம். உடலில் விழும் தவறான வெட்டை எதைக்கொண்டு ஈடுசெய்வது? இவ்வினா அறுவை மருத்துவத்தோடு உடன்பிறந்தது. இதற்கு விடை தேடிய மருத்துவ உலகம், ஒரு நோயாளியின் சிறுநீரகத்தை அறுவைக்கு முன்னரே அச்சிட்டுக் கையில் ஏந்திப் பார்க்கும் நிலையை இன்று எட்டியிருக்கிறது. தொழிற்கூடத்தில் பிறந்த ஓர் அறிவு மருத்துவக்கூடத்தில் உயிர்காக்கும் கருவியான வரலாற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

மாதிரித்துண்டு

நொய்யல் ஆற்றங்கரையில் அமைந்த திருப்பூர், பின்னலாடைத் தொழிலால் உலகறிந்த ஊர். அங்குள்ள நிறுவனம் ஒன்றுக்குப் பல்லாயிரம் ஆடைகளைத் தைத்துத் தருமாறு வெளிநாட்டு ஆணை வந்தால், உடனே துணியை விரித்து எவரும் கத்தி வைப்பதில்லை. பேட்டர்ன் மாஸ்டர் முதலில் அளவுத்தாளைப் படிப்பார். தோள், மார்பு, கை, கழுத்து என ஒவ்வொரு பகுதிக்கும் அட்டையில் உருவரை எடுப்பார். துவைத்தால் துணி எவ்வளவு சுருங்கும், இழுத்தால் எவ்வளவு நீளும் என்பதைக் கணக்கிட்டு அட்டையின் விளிம்பைத் திருத்துவார். அவ்வட்டையைக் கொண்டு ஒரே ஒரு சாம்பிள் தைக்கப்படும். அது வாங்குபவரின் ஒப்புதலைப் பெற்ற பின்னரே வெட்டுமேசையில் துணி அடுக்கடுக்காக விரிக்கப்படும்.

இத்தனை முன்னேற்பாடும் எதற்காக? ஓர் அட்டையில் அரை அங்குலம் பிசகினால், அதைக்கொண்டு வெட்டப்படும் அத்தனை துண்டுகளும் பிசகும். எனவே தவறு நேர வேண்டுமாயின் அது மாதிரியிலேயே நேரட்டும் என்பது தொழிலாளர் பட்டறிவால் வகுத்துக்கொண்ட நெறி.

அறுவை மருத்துவருக்கு இந்த வாய்ப்பு நெடுங்காலம் கிட்டவில்லை. அவர்முன் இருப்பது ஒரே ஓர் உடல். அதற்கு இணையான மற்றோர் உடல் இவ்வுலகில் இல்லை. ஒத்திகை பார்க்க இடமில்லாத அரங்கில் அவர் முதல்முறையிலேயே பிழையின்றிச் செயலாற்ற வேண்டியிருந்தது.

அரிய வடிகட்டி

மனிதரின் சிறுநீரகம் அவரது கைம்முட்டியளவு பெரியது. அதன் நீளம் 10 முதல் 12 சென்டிமீட்டர். எடை ஏறத்தாழ 150 கிராம். இதயம் வெளியேற்றும் குருதியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இரு சிறுநீரகங்களுக்கும் பாய்கிறது. ஒவ்வொன்றிலும் நெஃப்ரான் எனப்படும் நுண்வடிகட்டிகள் சுமார் 10 இலட்சம் உள்ளன. இவை நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தை வடிகட்டி, உடலுக்கு வேண்டியவற்றை மீட்டுக்கொண்டு, ஒன்றரை லிட்டர் அளவையே சிறுநீராக வெளியேற்றுகின்றன. அழிந்துபோன நெஃப்ரானுக்கு மாற்றாகப் புதிய நெஃப்ரான் தோன்றுவதில்லை.

சிறுநீரகத் தமனி உள்ளே நுழையும்போது பெரும்பாலும் ஐந்து கிளைகளாகப் பிரிகிறது. ஒவ்வொரு கிளையும் தனக்குரிய பகுதிக்கு மட்டுமே குருதியை வழங்கும். ஒரு கிளைவாய்க்கால் அடைபட்டால் அதன் பாசனத்தில் உள்ள வயல் காயும். அடுத்த வாய்க்காலின் நீர் அங்கே எட்டாது. சிறுநீரகத்தின் நிலையும் அதுவே. அறுவையின்போது ஒரு கிளைத் தமனி தவறுதலாக வெட்டுண்டால், நோயற்ற பகுதியும் குருதியின்றி அழியும்.

இத்தகைய உறுப்பில் கட்டி தோன்றினால் அதை அகற்றுவது எளிதன்று. கட்டி சில வேளைகளில் வெளிப்புறம் புடைத்து நிற்கும். சில வேளைகளில் தசையினுள் ஆழப் புதைந்து, தமனி, சிரை, சிறுநீர் சேரும் குழி ஆகியவற்றை ஒட்டி வளர்ந்திருக்கும். அப்போது ஓரிரு மில்லிமீட்டர் இடைவெளிகூட முடிவை மாற்றிவிடும்.

முழுமையும் பகுதியும்

1869ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள், ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் குஸ்தவ் சைமன் என்னும் மருத்துவர் ஒரு பெண்ணின் சிறுநீரகத்தைத் திட்டமிட்டு அகற்றினார். அப்பெண் உயிர்பிழைத்தார். ஒற்றைச் சிறுநீரகத்தோடு உயிர்வாழ முடியும் என்பதை, அதற்கு முன்னரே விலங்குகளில் அறுவை செய்து சைமன் உறுதிப்படுத்திக்கொண்டிருந்தார். ஒத்திகையின் தேவையை அவர் அன்றே உணர்ந்திருந்தார் என்பது கருதத்தக்கது. பின்னர் அதே நகரில் பணியாற்றிய வின்சென்ட்ஸ் செர்னி, 1887இல் கட்டியுள்ள பகுதியை மட்டும் நீக்கிச் சிறுநீரகத்தின் எஞ்சிய பகுதியைக் காத்தார்.

எனினும் அதன்பின் பல பத்தாண்டுகள், சிறுநீரகத்தில் புற்றுநோய்க் கட்டி இருந்தால் உறுப்பு முழுவதையும் எடுத்துவிடுவதே பெருவழக்காயிற்று. கட்டி மிகச் சிறிதாக இருக்கும்போதே கண்டறியும் கருவிகள் பெருகிய பின்னர்தான் பகுதிநீக்க அறுவை செல்வாக்குப் பெற்றது.

பகுதிநீக்கத்தால் விளையும் நன்மையை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். நாள்முழுதும் தையற்பொறியின்முன் அமர்ந்து ஊதியம் ஈட்டும் ஒருவருக்கு இடச் சிறுநீரகத்தில் கட்டி இருப்பதாகவும், நீரிழிவு நோயால் அவரது வலச் சிறுநீரகம் ஏற்கெனவே நலிந்திருப்பதாகவும் கற்பனை செய்யலாம். இடச் சிறுநீரகத்தை முழுவதும் அகற்றினால் கட்டி நீங்கும். ஆனால் எஞ்சிய உறுப்பு சுமையைத் தாங்காமல் செயலிழக்கக்கூடும். அதன்பின் வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணிநேரம், குருதித் தூய்மிப்புக் கருவியோடு அவர் பிணைக்கப்பட்டிருப்பார். அந்நாள்களின் ஊதியமும் உடல்வலுவும் ஒருசேரக் குறையும். கட்டியை மட்டும் நீக்கி எஞ்சியதைக் காக்க முடிந்தால் அவர் மீண்டும் தம் பணியிடத்திற்குத் திரும்பலாம். ஆகவே, ‘எவ்வளவு அகற்றுவது, எவ்வளவு காப்பது’ என்னும் வினாவில் ஒரு குடும்பத்தின் வாழ்வே அடங்கியிருக்கிறது.

காலமும் இங்கே எதிர்நிற்கிறது. வெட்டும்போது குருதி பெருகாதிருக்கச் சிறுநீரகத் தமனியை இடுக்கியால் சிறிது நேரம் அடைத்து வைப்பர். அந்நேரம் நீளுமானால் குருதி பெறாத நெஃப்ரான்கள் சிதையும். எனவே பொதுவாக அரைமணி நேரத்தைத் தாண்டாமல் கட்டியை வெட்டியெடுத்து, காயத்தைத் தைத்து, இடுக்கியை விடுவிக்க முயல்வர். கட்டி எங்கே முடிகிறது, குழாய் எங்கே தொடங்குகிறது எனத் தேடிக்கொண்டிருக்க அப்போது நேரம் இராது.

அடுக்குகளாகக் கண்ட உடல்

1895இல் வில்லெம் ராண்ட்ஜென் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். உடலைத் திறக்காமலே உள்ளுறுப்பைக் காணும் வழி பிறந்தது. ஆயினும் எக்ஸ் கதிர்ப் படம் நிழலைப் போன்றது. முன்னும் பின்னும் உள்ள உறுப்புகள் அதில் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். இக்குறையைத் தீர்த்தது சி.டி. ஸ்கேன். காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய இக்கருவி, 1971ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் இலண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளியின் தலையைப் படமெடுத்தது. இதற்கான கணித அடிப்படையை வகுத்த ஆலன் கார்மக்கும் அவரும் 1979இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

வெட்டுமேசையில் விரித்த துணியடுக்கைப் பக்கவாட்டில் நோக்கினால் ஒவ்வொரு மடிப்பும் தனித்தனியே தெரியும். சி.டி. ஸ்கேனும் உடலை அவ்வாறே மெல்லிய அடுக்குகளாகக் காட்டுகிறது. ஒரு சிறுநீரகத்தைக் காட்ட நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் தேவைப்படலாம். மருத்துவர் அவற்றை ஒவ்வொன்றாக நோக்கித் தம் மனத்துள் ஒன்றிணைத்து ஒரு முழு உருவத்தைக் கட்டியெழுப்ப வேண்டும். பல்லாண்டுப் பயிற்சி உடையவருக்கு இது கைவரும். ஆயினும் ஒருவர் மனத்தில் எழுந்த உருவத்தை அருகில் நிற்பவர் காண இயலாது. அவ்வுருவம் சரியானதுதானா என்று அளந்து பார்க்கவும் இயலாது.

தெரிந்து தெளிவோம்

திருப்பூரின் வட்டப் பின்னல் இயந்திரத்தில் ஊசிகள் சுற்றிவரச் சுற்றிவரக் கண்ணி வரிசைகள் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேர்ந்து குழல்வடிவத் துணி உருவாகிறது. நூல் சேரும் இடத்திலேயே வடிவமும் பிறக்கிறது. முப்பரிமாண அச்சின் அடிப்படையும் இத்தகையதே. ஒரு பெரிய கட்டியிலிருந்து வேண்டாததைச் செதுக்கி நீக்கும் சிற்பமுறைக்கு மாறாக, வேண்டிய இடத்தில் மட்டும் பொருளைச் சேர்த்துச் சேர்த்து வடிவத்தை ஆக்குவதால் இதனைச் ‘சேர்ப்பு உற்பத்தி’ என்றும் அழைப்பர்.

அச்சில் எழும் உறுப்பு

ஒளிபட்டால் இறுகும் திரவப் பிசினை அடுக்கடுக்காக உறையச் செய்து பொருள்களை உருவாக்கும் முறையை 1981இல் ஜப்பானின் நகோயா நகரைச் சேர்ந்த ஹிடியோ கொடாமா விளக்கினார். அமெரிக்கரான சார்லஸ் ஹல் இதையொத்த முறைக்கு 1984இல் காப்புரிமை கோரி 1986இல் பெற்றார். தொழிற்சாலைகளில் உதிரிப்பாகங்களின் மாதிரியை விரைவாகச் செய்து பார்ப்பதே தொடக்கத்தில் இதன் பயனாக இருந்தது.

நோயாளியின் சிறுநீரகத்தை அச்சிடும் பணி நான்கு படிகளில் நடைபெறுகிறது. முதலாவது, படமெடுத்தல். குருதிக்குழாய்களைத் தெளிவாகக் காட்டும் மருந்தை நரம்பூசி வழியே செலுத்தி, அம்மருந்து தமனியை அடையும்போதும், சிரையை அடையும்போதும், சிறுநீரோடு வெளியேறும்போதும் தனித்தனியே ஸ்கேன் எடுப்பர். இரண்டாவது, பகுத்தல். கணினித்திரையில் ஒவ்வோர் அடுக்கிலும் இது கட்டி, இது தமனி, இது சிரை, இது நல்ல தசை என எல்லை வரைவர். மூன்றாவது, வடிவாக்கம். எல்லைகளை இணைத்து முப்பரிமாண உருவத்தை அமைத்து, கரடுமுரடுகளைத் திருத்துவர். நான்காவது, அச்சிடல். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கோ அதனினும் மெல்லிதோ ஆன அடுக்குகளாக உருவம் வளரும். இதற்குப் பல மணிநேரம் பிடிக்கும்.

நல்ல தசைக்கு ஒளிபுகும் பிசினையும், கட்டிக்கும் குழாய்களுக்கும் வெவ்வேறு வண்ணங்களையும் பயன்படுத்துவது உண்டு. அப்போது கண்ணாடிக்குள் கனி தெரிவதுபோலச் சிறுநீரகத்தினுள் கட்டி தெரியும். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரிலுள்ள துலேன் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஐந்து நோயாளிகளின் சிறுநீரகங்களுக்கு இவ்வாறு மாதிரிகளை உருவாக்கி, தம் பட்டறிவை 2014இல் ஆய்விதழில் வெளியிட்டனர்.

துணிநகரில் ஒரு திருப்பம்

வட அயர்லாந்தின் தலைநகரான பெல்ஃபாஸ்ட், 19ஆம் நூற்றாண்டில் ஆளிநாரால் நெய்த லினன் துணிக்கு உலகப்புகழ் பெற்றிருந்தது. ‘லினனோபோலிஸ்’, அதாவது லினன் நகரம், என்றே அதனை அழைத்தனர். திருப்பூரைப் போலவே துணியால் வளர்ந்த அந்நகரின் மருத்துவமனையில் நிகழ்ந்த அறுவை ஒன்று 2018ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உலகின் கவனத்தை ஈர்த்தது.

சிறுநீரகம் செயலிழந்து குருதித் தூய்மிப்பை நம்பி வாழ்ந்துவந்தார் ஓர் இளந்தாய். அவருக்கு வயது 22. அவருடைய தந்தை தம் சிறுநீரகத்தை அளிக்க முன்வந்தார். இருவரின் குருதிவகையும் வேறாக இருந்தது முதல் தடை. சோதனையில் இரண்டாவது தடையும் வெளிப்பட்டது. தந்தையின் சிறுநீரகத்தினுள் ஒரு நீர்க்கட்டி இருந்தது. அது புற்றுநோயாக இருக்கக்கூடும் என மருத்துவர்கள் ஐயுற்றனர். அதனை அறவே நீக்காமல் அவ்வுறுப்பை மகளுக்குப் பொருத்தினால், உயிர்காக்கும் கொடையே உயிரைப் பறிக்கும் நஞ்சாகிவிடும். நல்ல தசையை மிகுதியாக வெட்டிவிட்டாலோ கொடையின் பயன் குன்றும்.

அக்கட்டி புறணியின் ஆழத்தில் புதைந்திருந்தது. சிறுநீரகத்தைக் கையில் எடுத்தாலும் மேற்பரப்பில் அது புலப்படாது. எனவே மாற்று அறுவை மருத்துவர் டிம் பிரவுனும் அவர்தம் குழுவினரும், அந்நகரிலேயே இயங்கிய ஆக்சியல் திரீடி என்னும் நிறுவனத்தின் துணையோடு, தந்தையின் சிறுநீரகத்தை அதன் உண்மையளவில் அச்சிட்டுப் பெற்றனர். கட்டி எவ்வளவு பெரியது, எவ்விடத்தில் இருக்கிறது, எத்திசையிலிருந்து அணுகினால் சேதம் குறையும் என்பவற்றை அம்மாதிரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத் திட்டமிட்டனர். கட்டி முழுமையாக நீக்கப்பட்டது. தந்தையின் சிறுநீரகம் மகளின் உடலில் பொருத்தப்பட்டது.

இதற்கு முன்னரும், 2015இல் இலண்டன் மருத்துவர்கள் ஒரு சிறுமிக்குத் தந்தையின் சிறுநீரகத்தைப் பொருத்தும் முன் இத்தகைய மாதிரியை நாடினர். வளர்ந்த ஆடவரின் சிறுநீரகம் குழந்தையின் சிறிய வயிற்றினுள் அடங்குமா என்பதை, இரண்டையும் அச்சிட்டு ஒன்றனுள் ஒன்றை வைத்துப் பார்த்தே உறுதிசெய்தனர். அளவெடுத்துத் தைத்த சட்டையை ஒருமுறை போட்டுப் பார்ப்பதற்கு நிகரான செயல் இது.

மாதிரி பேசும் மொழி

மாதிரியின் பயன் மருத்துவரோடு முடிந்துவிடுவதில்லை. அறுவைக்கு முன் நோயாளியின் இசைவைப் பெறுவது மருத்துவ அறம். ஆனால், கருப்பு வெள்ளைப் படங்களைக் காட்டிக் கலைச்சொற்களால் விளக்கும்போது, புரியாமலே தலையசைத்துக் கையொப்பமிடுவோர் பலர். தம்முடைய சிறுநீரகத்தின் உருவத்தையே கையில் வாங்கிப் பார்க்கும் ஒருவர், கட்டி இருக்கும் இடத்தை விரலால் தொட்டு வினவுகிறார். ‘இதை மட்டும் எடுத்தால் போதுமா? இந்தக் குழாய் வெட்டுப்பட்டால் என்ன ஆகும்?’ என்று கேட்கிறார். எழுத்தறியாதவருக்கும் அவ்வுருவம் விளங்கும். இசைவு அப்போதுதான் பொருளுடையதாகும்.

திருவள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தில், நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து உதவுபவர் ஆகிய நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்கிறார். நோயாளியை முதலிடத்தில் வைத்த அப்பார்வைக்கு இன்றைய தொழில்நுட்பமும் துணைநிற்கிறது.

பயிற்சி மருத்துவர்களுக்கும் மாதிரி நல்லாசிரியர். மென்மையான பொருளால் செய்த மாதிரியில் வெட்டவும் தைக்கவும் பழகலாம். அங்கே கை நடுங்கினால் குருதி சிந்தாது.

எல்லைகளும் எச்சரிக்கைகளும்

அட்டையில் அளவு தவறினால் துணியிலும் அளவு தவறும் என்பதைத் திருப்பூர் அறியும். அச்சிட்ட உறுப்புக்கும் இவ்விதி பொருந்தும். ஸ்கேன் தெளிவின்றி அமைந்தாலோ, பகுப்பவர் கட்டியின் எல்லையைப் பிழையாக வரைந்தாலோ, மாதிரி அழகாக இருக்கும். ஆனால் பொய்யாக இருக்கும். அழகிய பொய் ஐயத்தை எழுப்பாது என்பதால் அதன் தீங்கும் பெரிது. இதனாலேயே கதிரியல் மருத்துவரின் சரிபார்ப்பு கட்டாயமாகிறது.

இறுகிய பிசின் அசையாது. உயிருள்ள சிறுநீரகமோ மூச்சுக்கேற்ப மேலும் கீழும் நகரும், தொட்டால் நெகிழும், சுற்றிலும் கொழுப்பு மூடியிருக்கும். ஸ்கேன் எடுத்த நாளுக்கும் அறுவை நாளுக்கும் இடையே கட்டி வளர்ந்திருக்கவும் கூடும். செலவும் காலமும் மற்றொரு தடை. மேற்பரப்பில் புடைத்து நிற்கும் சிறு கட்டிக்கு மாதிரி தேவைப்படாது, சி.டி. படங்களே போதும். திரையிலேயே சுழற்றிப் பார்க்கத்தக்க முப்பரிமாண உருவமும் பல வேளைகளில் அதே பயனைத் தரும். எந்த நோயாளிக்கு மாதிரி தேவை, எவருக்குத் தேவையில்லை எனத் தேர்வதும் மருத்துவ அறிவின் ஒரு கூறே.

தமிழ்நாட்டின் தடங்கள்

முப்பரிமாண அச்சு தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. கரும்பூஞ்சை நோயால் முகஎலும்புகளை இழந்தோருக்கு, அவரவர் முகத்தின் ஸ்கேன் படங்களைக் கொண்டு உலோக உள்வைப்புகளை அச்சிட்டுத் தரும் முயற்சியைச் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 2022இல் அறிவித்தது. சென்னையைச் சேர்ந்த அக்னிகுல் நிறுவனம் ஒரே துண்டாக அச்சிட்ட இயந்திரத்தைக் கொண்டு 2024ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவூர்தியைப் பறக்கவிட்டது.

திருப்பூரிலும் இன்று அட்டைக்குப் பக்கத்தில் கணினி அமர்ந்திருக்கிறது. திரையில் உருவரை வரைந்து, அளவுகளைக் கூட்டிக் குறைத்து, துணி வீணாகாதவாறு துண்டுகளை அடுக்கும் இளைஞர் பலர் அங்கே உள்ளனர். தட்டையான துண்டுகளைக் கண்டதும் அவை இணைந்து எழுப்பும் முழு உருவத்தை மனத்தில் காண்பது அவர்கள் நாள்தோறும் செய்யும் தொழில். ஸ்கேன் அடுக்குகளில் கட்டியின் எல்லையை வரைந்து உறுப்பின் உருவத்தை எழுப்புவோருக்கும் இத்திறனே அடிப்படை. உடற்கூற்றறிவு அதனோடு சேருமானால், பேட்டர்ன் மேசையில் பழகிய கண்ணும் கையும் மருத்துவமனையின் கணினி முன்னும் பயன்படும்.

பெல்ஃபாஸ்ட் அறுவையில் மருத்துவரின் கையில் இருந்த அந்த மாதிரி, குருதி ஓடாத, வடிகட்டத் தெரியாத, வெறும் பிசின். ஒரு சாம்பிளை எவரும் உடுத்துவதில்லை. ஆயினும் அது சரியாக அமைந்ததால்தான் தந்தையின் உடலிலிருந்து எடுத்த உறுப்பு மகளின் உடலில் தன் பணியைத் தொடங்க முடிந்தது.

கலைச்சொற்கள்

முப்பரிமாண அச்சு – திரீடி பிரிண்டிங்
பகுத்தல் – செக்மென்டேஷன்
பகுதிநீக்க அறுவை – பார்ஷியல் நெஃப்ரெக்டமி
குருதித் தூய்மிப்பு – டயாலிசிஸ்
ஒளியுணர் பிசின் – ரெசின்
உள்வைப்பு – இம்ப்ளான்ட்

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் நடைபெறும் ஒரு தொழிலில், இறுதிப்பொருளுக்கு முன் மாதிரி செய்து பார்க்கும் வழக்கம் உள்ளதா? அத்தொழில் செய்வோரிடம் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.

2. ஓர் உருளைக்கிழங்கினுள் பட்டாணி ஒன்றைச் செருகி மெல்லிய வில்லைகளாக நறுக்குக. வில்லைகளை மட்டும் நோக்கி, பட்டாணி இருந்த இடத்தையும் ஆழத்தையும் உங்கள் நண்பரை வரையச் செய்க. அவர் எதிர்கொண்ட இடர்ப்பாட்டை வகுப்பில் விளக்குக.

3. ‘நோயாளிக்குப் புரியும்படி விளக்கிய பின்னரே இசைவு பெற வேண்டும்’ – இக்கருத்தையொட்டி மருத்துவருக்கும் நோயாளிக்கும் இடையிலான உரையாடல் ஒன்றை அமைக்க.

4. ‘அழகிய பொய் ஐயத்தை எழுப்பாது’ – பாடக்கருத்தின் அடிப்படையில் இத்தொடரை விளக்கி, தொழில்நுட்பத்தைச் சரிபார்த்துப் பயன்படுத்த வேண்டியதன் தேவையைக் கட்டுரையாக்குக.